சராசரியாரின் முழங்கால்

கால் மடங்காத பெண்மணி ஒருவர் தன் சிநேகிதியைப் பார்க்கப் போக ஆசைப்படுவதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. இருக்கவும் இல்லை. ஆட்சேபணையெல்லாம் அந்தப் பெண்மணியைச் சுமந்துகொண்டு போகிற வண்டியின் மேல்தான். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் முழுக் கதையும் புரிந்துவிடும். புரியாவிட்டாலும் பாதகமில்லை, வண்டிகளுக்கு முத்திரை குத்துகிற அலுவலகத்தில் சம்பளம் வாங்கினவர்களுக்கே கடைசிவரை புரியவில்லை.

பெண்மணி என்றது அக்காவை. பல்லுக்காரரின் அக்கா. பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிற டாக்டர் இல்லை, பல் போனவர்களுக்குப் பல்செட் செய்து தருகிறவர். அக்காவும் தம்பியுமாக ஒரு வீடு. கல்யாணம் என்ற பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவர்களை இருவரும் சேர்ந்தே விரட்டி அடித்து வெகுகாலம் ஆகிறது. முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒருத்தர் பல்செட்டை இன்னொருத்தர் வாயில் மாட்ட முடியாது என்பதைப் பல்லுக்காரர் தொழில் என்று மட்டும் நினைக்கவில்லை, தத்துவம் என்றே நினைத்தார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். நீலம் பட்ட இடம் மேடு. மேட்டை ராவுவார், மறுபடி கடிக்கச் சொல்வார், மறுபடி ராவுவார். வாய்க்காரர் சலித்துப்போய் எழுந்து போனாலும் போவாரே தவிர, இவர் சலிக்க மாட்டார்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் வலது காலுக்குள் கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். கால் பிழைத்தது, முழங்கால் போச்சு. இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரே நேர்கோடு. வீட்டுக்குள் வீசி வீசி நடப்பார். வாசல் கேட் வரைக்கும் போவார். அதற்குமேல் என்றால் வண்டி வேண்டும். எந்த வண்டியும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. காலை உள்ளே வைத்தால் அக்கா வெளியே, அக்கா உள்ளே போனால் கால் வெளியே. ஒரு டாக்ஸிக்காரர் மட்டும் நல்ல மனசோடு, காலை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொள்ளலாம், அந்தப் பக்கம் திரும்பும்போது கை காட்டுகிற வேலை மிச்சம் என்று யோசனை சொன்னார். அக்கா அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சிநேகிதிக்குக் கிளி என்று பெயர் வைத்தது அக்காதான். இரண்டு பேரும் டெலிபோன் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள். ஊராருக்கு லைன் கொடுத்துவிட்டு நடுநடுவே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள் என்று சொல்வதைவிட, பேச்சுக்கு நடுநடுவே ஊராருக்கு லைன் கொடுத்தார்கள் என்பது சரி. ஓய்வு பெற்ற பிறகும் போனில் பேச்சு ஓயவில்லை. அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள், கிளி தன் மகன் தன்னை வெளிநாட்டுக்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறான் என்றார். அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: "உன் பிள்ளைக்கு உன்மேல பாசமா பொங்குது? குழந்தையைப் பார்த்துக்க ஆள் கிடைக்கல, அதான் அம்மா ஞாபகம் வந்திருக்கு."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை. மாதக் கடைசியில் கிளிக்கு விமானம்.

"மறுபடி மறுபடி போன் பண்ணி மன்னிப்புக் கேளேன்க்கா," என்றார் பல்லுக்காரர்.

"திட்டினது போன்ல. மன்னிப்பையும் போன்ல கேட்டா அதுக்கு என்னடா மரியாதை? பேசினது நான். போக வேண்டியதும் நான்தான்."

"ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா? காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம்."

"வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னா அவ பயந்துபோய் முன்னாடி போய்ச் சேர்ந்துடுவா. நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்டா, அடக்கத்துக்கு இல்ல."

அன்றைக்குத்தான் பல்லுக்காரர் முடிவு செய்தார். அக்காவுக்கு வண்டி பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற மாதிரி வண்டி செய்துவிட வேண்டியதுதான். ஒரு வாய்க்குச் செய்கிறவனுக்கு ஒரு காலுக்குச் செய்யத் தெரியாதா?

பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார் வந்து இறங்கியது. கார் என்பது மரியாதைக்குச் சொல்வது. என்ஜின் இருமியது, அவ்வளவுதான் அதற்கு உயிர் இருந்ததற்கு அடையாளம். மற்றதையெல்லாம் பல்லுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் செய்தார். சீட்டுக்கு அளவெடுக்க அக்காவை ஒரு பெரிய தொட்டி பிளாஸ்டர் குழம்பில் உட்கார வைத்தார். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்பதை அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டார். அக்கா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களிடம் பல்லுக்காரர், "ஆடாதீங்க, யாரும் ஆடாதீங்க, அச்சு கலைஞ்சுடும்" என்றார். அச்சு கலையவில்லை. அக்காதான் ரெண்டு நாள் தம்பியோடு பேசவில்லை.

சீட்டு பாதி சுற்றி வெளியே வந்து அக்காவை வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். அதற்குக் கீழே வளையமும் உருளையும் அவரே கடைந்தது. முன்னால் தட்டுமுட்டுகளை அறுத்துத் தள்ளி வலது கால் படுத்துக்கொள்ள ஒரு நீளப் பலகை. அதற்காகக் காரின் மூக்கை ஒரு முழம் நீட்டினார். கதவைச் சாத்திப் பார்க்கும்போது சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நீலத்தாளை வைத்து, "கடி," என்றார் பழக்கதோஷத்தில். கதவு கடித்தது. நீலம் பட்ட இடத்தை ராவினார். கியர் குமிழ் ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது, வேறு நிறத்தில் அவரிடம் பொருள் இல்லை. முன்பக்கத்துக் கம்பிவலை மட்டும் எங்கேயும் கிடைக்காமல், யோசித்து யோசித்து, கடைசியில் கைக்கு வந்ததைச் செய்துவிட்டார். மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய்ப்பல் உட்பட. கார் வாயெல்லாம் பல்லாக நின்றது. அதைப் பார்த்துத் தெருநாய்கள் எதுவும் துரத்தவில்லை.

அக்கா வந்தார். சீட்டு வெளியே வந்தது. அக்கா உட்கார்ந்தார். சீட்டு திரும்பியது. கால், தண்ணீரில் மீன் போகிற மாதிரி, பலகைமேல் போய்ப் படுத்தது. கதவு சாத்திக்கொண்டது.

அக்கா பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னக்கா, எங்கேயாவது இடிக்குதா?"

"இல்லடா," என்றார் அக்கா. "பொருந்துதுடா." சொல்லிவிட்டு அழுதார். தம்பியும் அழுதார். அந்த வாரம் அந்தத் தெருவில் அதைவிடச் சந்தோஷமான வீடு இல்லை. இனி பாக்கி ஒன்றே ஒன்றுதான், வாகனப் பரிசோதனை அலுவலகத்தில் காட்டி ஒரு முத்திரை வாங்குவது. போன காலோடு வாங்கிக்கொண்டு அப்படியே கிளி வீட்டுக்குப் போய்விடலாம் என்று அக்கா புதுச் செருப்புகூடப் போட்டுக்கொண்டார்.

பரிசோதனை அதிகாரி நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். விதியை மட்டும் பேசுவார். சோதனைக் கொட்டகைக்குள் நின்ற காரைச் சுற்றி வந்து, அதன் பற்களைப் பார்த்து லேசாகப் பின்வாங்கி, பேனாவைத் திறந்தார்.

"வண்டி எந்தக் கம்பெனி?"

"வீட்ல செஞ்சது சார்."

"அது புரியுது. எந்தக் கம்பெனி?"

"வீடுதான் சார்."

அதிகாரி 'வீடு' என்று எழுதினார். எழுதிவிட்டு, "வெளிநாட்டுக் கம்பெனியா?" என்றார். பிறகு கதவுக் கைப்பிடியைத் தொட்டார். "இந்த உதிரிபாகத்துக்கு நம்பர் என்ன?"

"நம்பர் இல்ல சார். ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சேன்."

"அப்போ நம்பர் ஒண்ணு. சீட்டுக்கு?"

"அதுவும் ஒண்ணுதான் செஞ்சேன்."

"ரெண்டுக்கும் ஒரே நம்பர் இருக்கக்கூடாது சார். நாளைக்குக் கைப்பிடி உடைஞ்சு ஒண்ணாம் நம்பர் வேணும்னு கேட்டீங்கன்னா சீட்டு வந்து இறங்கிடும்."

"யார் சார் அனுப்பப் போறா? உடைஞ்சா நானே செஞ்சு போட்டுக்குவேன்."

"சரி. கைப்பிடி உடைஞ்சா நீங்க இருக்கீங்க. நீங்க உடைஞ்சா?"

இந்தக் கோணத்தில் பல்லுக்காரர் தன்னைப் பார்த்ததே இல்லை. அவர் உடைந்தால் மாற்றுப் பல்லுக்காரர் எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டார் என்பது உண்மைதான். அதிகாரி அனுதாபத்தோடு தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார்.

"சீட்டு யார் அளவுக்குச் செஞ்சது?"

"எங்க அக்கா அளவுக்கு."

"அங்கேதான் சிக்கல். பொதுச்சாலையில போற வண்டி பொதுமக்களுக்குப் பொருந்தணும்."

காருக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன்ப்பா, நான் பொதுமக்கள் இல்லையா?"

"நீங்க மக்கள்மா. பொது இல்லை."

"நான் இல்லேன்னா பின்னே யாரு பொது?"

அதிகாரியின் முகத்தில் ஒரு பயபக்தி வந்தது. கொட்டகை மூலையில் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்த ஓர் உருவத்தைக் காட்டினார். உதவியாளர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் துணியை விலக்கினார். உள்ளே ஓர் இரும்பு மனிதர். உயரமுமில்லை, குட்டையுமில்லை. குண்டுமில்லை, ஒல்லியுமில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், யாரும் மனத்தாங்கல் படக்கூடாது என்று, முகமே இல்லை. கழுத்தில் டை கட்டியிருந்தது.

"இவர்தான் சராசரியார்," என்றார் அதிகாரி குரலைத் தாழ்த்தி. "நாட்டு மக்கள் எல்லாரையும் கூட்டி வகுத்தா இவர்தான் வருவார். சட்டம் எழுதினது இவருக்காக. ரோடு போட்டது இவருக்காக. இவர் வசதியா உக்காந்தா வண்டி பாஸ்."

"அவரை ஒரு தடவை உக்கார வெச்சுப் பாருங்களேன்," என்றார் அக்கா. "யாரு வேணாம்னா?"

அதிகாரியும் உதவியாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கோரிக்கையை இதற்கு முன் யாரும் வைத்ததில்லை. இதுவரை அந்த அலுவலகத்தில் சராசரியார் எல்லா வண்டியிலும் உட்கார்ந்ததாக எழுதப்படுவது வழக்கமே தவிர, அவரை எழுப்பித் தொந்தரவு செய்வது வழக்கமில்லை. ஆனால் விதியில் இருக்கிறது. ஆகவே அக்கா இறங்கிக்கொள்ள, உதவியாளர் சராசரியாரை இடுப்பில் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சீட்டு வெளியே வந்தது. சராசரியாரை அதில் சாய்த்தார்கள். இடது கால் கிறீச்சென்று மடங்கியது. வலது கால் மடங்கவில்லை. உதவியாளர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். ஹும், அசையவில்லை. துரு ஏறி இறுகிப்போய் எத்தனை காலமோ. சீட்டு தன்பாட்டுக்குத் திரும்பி உள்ளே போனது. சராசரியாரின் வலது கால் நீளப் பலகைமேல் போய்ப் படுத்தது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சராசரியார், பிறந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி, சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பல்லுக்காரர் கைதட்டினார். அதிகாரி தட்டவில்லை. அவர் முகம் வெளிறிக்கொண்டிருந்தது. மெதுவாக வெளியே போய்த் தன் சொந்தக் காரின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். திரும்பி வந்து சராசரியாரின் காலைப் பார்த்தார்.

"இவர் இந்த வண்டியில உக்காருறார்," என்றார். "ஊர்ல வேற எந்த வண்டியிலும் உக்கார முடியாது."

"துரு சார்," என்றார் பல்லுக்காரர் ஆறுதலாக. "சொட்டு எண்ணெய் விட்டா மடங்கிடும். என்கிட்டயே இருக்கு."

"தொடாதீங்க! அவரை வெச்சு நம்மளை அளக்கலாம். நம்மளை வெச்சு அவரை அளக்கக்கூடாது. அவர் கால் மடங்கலேன்னா, சராசரி மனிதனுக்குக் கால் மடங்காதுன்னு அர்த்தம்."

"உங்க கால் மடங்குதே சார்."

அதிகாரி குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். அதுவரை நல்லபடியாக வேலை பார்த்து வந்த தன் முழங்கால்மேல் அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. நாற்காலியில் உட்காரப் போனவர், காலை நீட்டியே உட்கார்ந்தார்.

அன்று மாலையே அறிக்கை வெளியானது. 'சராசரி மனிதரின் வலது முழங்கால் மடங்குவதில்லை என்பது நேரடிச் சோதனையில் ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்டுள்ளதால், மேற்படி காலை நீட்ட வசதியற்ற வாகனங்கள் அனைத்தும் பொதுமக்களுக்கு விரோதமானவை எனக் கருதப்படும். ஓட்டுநர் இருக்கைக்கும் இது பொருந்தும். பிரேக் எட்டாத ஓட்டுநர்கள் ஹாரனை உபயோகித்துக்கொள்ளலாம்.'

பல்லுக்காரர் காருக்கு முத்திரை கிடைத்தது. நாட்டிலேயே சட்டப்படியான ஒரே கார் அதுதான். அப்போதே கிளம்பிக் கிளி வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வீட்டு வாசலில் ஊரே நின்றுகொண்டிருந்தது.

"சார், என் வண்டிக்கு ஒரு சீட்டு!" "சார், எனக்கு அந்தப் பலகை!" "சார், எனக்கு அந்தப் பல்லும் வேணும்!"

பல்லும் வேணும் என்றவர் ஊரில் பெரிய மனிதர். அவரைப் பார்த்து மற்றவர்களும் பல் கேட்டார்கள். பல்லுக்காரர், இத்தனை நாள் கிழவர்களின் வாயைத் தவிர வேறெதையும் திறந்து பார்க்காதவர், திக்குமுக்காடிப் போனார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாலு பேர் 'சார்' என்று கூப்பிட்டால் யாருக்கும் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். அக்காவிடம், ஒருத்தருக்கு மட்டும் செஞ்சு தர்றேன், நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்க்கா என்றார். மறுநாளும் அக்காவிடம் அதையே சொன்னார். ஆளாளுக்கு அளவெடுக்க ஏது நேரம்? அக்காவின் அச்சிலேயே வார்த்து வார்த்துத் தள்ளினார். ஊரில் பாதிப்பேர் அக்காவின் இடுப்பு அளவுக்குள் தங்களைத் திணித்துக்கொண்டு போனார்கள்.

கால் நீட்டுவது சட்டமாக இருந்தவரை எல்லாரும் முணுமுணுத்தார்கள். நாகரிகமாக ஆன பிறகு முணுமுணுப்பு போய்விட்டது. வலது காலை மடக்காமல் வீசி நடப்பதுதான் கௌரவம் என்று ஆனது. மடக்கி நடந்தவர்களைப் பார்த்து, பாவம் வசதி இல்லாத குடும்பம் என்றார்கள். தையற்காரர்கள் முழங்காலில் தகடு வைத்த கால்சட்டை தைத்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் கால் வைக்கத் தனி ஸ்டூல். வசதி மிகுந்தவர்கள் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வைத்திருந்தார்கள். டாக்ஸிகளும் நீண்டன. ஒவ்வொரு காரும் ஒரு முழம் நீள, ஊரிலிருந்த சாலைகள் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தன. அதை யாரும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

அக்காவின் கார் வாசலில் மாதிரிக்கு நின்றது. வருகிறவர் போகிறவரெல்லாம் அதில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருநாள் காலை அக்கா கேட் வரைக்கும் வந்து, தன் சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரைக் கைத்தடியால் குத்தி எழுப்பினார்.

"டேய்! எனக்கு கார் கட்டினியா, ஊருக்குக் கட்டினியா?"

"அக்கா, இன்னும் ஒரே ஒரு..."

"இன்னிக்கு அவ போறாடா. இன்னிக்கு. இனிமே இந்த ஜென்மத்துல அவளை நான் பார்க்கப்போறதில்ல. நான் சொன்ன அந்த வார்த்தையைத் தூக்கிக்கிட்டே அவ விமானம் ஏறப்போறா. உனக்குப் புரியுதா இல்லையா?"

பல்லுக்காரர் கையிலிருந்த ராவுகோல் கீழே விழுந்தது. நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிச் சொல்லி மாதக் கடைசி வந்திருந்தது அவருக்கு நிஜமாகவே தெரியாது. முகத்தில் அடித்துக்கொண்டார். அக்காவைச் சீட்டில் ஏற்றிக் காரைக் கிளப்பினார். கார் பல்லைக் காட்டிக்கொண்டு தெருமுனை வரை பறந்தது. தெருமுனையில் நின்றது.

பெரிய சாலை முழுக்க நீள மூக்குக் கார்கள். முன்காரின் வாலை, பின்கார் பல்லால் கவ்விக்கொண்டிருந்தது. பிரேக் எட்டாத அத்தனை பேரும் சட்டப்படி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னே போக வழியில்லை. பின்னே வரவும் வழியில்லை, அதற்குள் பின்னால் இன்னும் பத்துக் கார் வந்து கவ்வியிருந்தது. வெயில் ஏறியது. பல்லுக்காரர் நகத்தைக் கடித்தார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாம் என் காலால வந்துது," என்றார்.

"இல்லக்கா. என் கையால வந்துது," என்றார் தம்பி. அவருக்கு அழுகை முட்டியது. மனசாரத்தான் சொன்னார்.

அதே நெரிசலில்தான் பரிசோதனை அதிகாரியும் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போன் ஒலித்தது. கேட்டவர் காரைவிட்டு இறங்கி, அதன் மேற்கூரையில் ஏறி நின்றார். ஹாரன்கள் அடங்கின.

"பொதுமக்கள் கவனத்துக்கு! சராசரியாருக்கு எண்ணெய் விடத் தலைமையகத்துலேருந்து ஆள் வந்திருந்தாங்க. சற்றுமுன் விட்டுட்டாங்க. ரெண்டு முழங்காலுக்கும், தாராளமாவே விட்டுட்டாங்க."

"மடங்குதா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"மடங்குது. அதுதான் இப்போ செய்தி. மடங்கினது நிமிர மாட்டேங்குது. நிறுத்தினா நிக்கல, உக்கார வெச்சா வழுக்கி இறங்கிடறார். ரெண்டு முழங்காலையும் தரையில போட்டு மண்டியிட்டாத்தான் ஸ்திரமா இருக்கார். ஆகவே, சராசரி மனிதர்ங்கறவர் இயல்பாவே மண்டியிடுறவர்னு இந்த நிமிஷத்துலேருந்து முடிவு செய்யப்பட்டிருக்கு. வண்டியை விட்டு இறங்கி ஒத்துழைப்புத் தரணும்."

சொன்னவர் தானே முன்மாதிரியாகக் கூரைமேல் மண்டியிட்டார். கொஞ்ச நேரம் கசமுசா என்று பேச்சு. அநியாயம் என்றார் ஒருவர், இறங்கிக்கொண்டே. கேக்க ஆளே இல்லை என்றார் இன்னொருவர், மண்டியிட்டுக்கொண்டே. முதலில் எந்த முழங்கால் என்று சிலர் சந்தேகம் கேட்டார்கள். பெரிய மனிதர் தன் கைக்குட்டையை விரித்து அதன்மேல் மண்டியிட்டதும், எல்லாரும் கைக்குட்டை தேடினார்கள். கிளி போக வேண்டிய விமானத்தை ஓட்ட வேண்டியவரும் சீருடையோடு ஒரு டாக்ஸியிலிருந்து இறங்கி மண்டியிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய சாலையில் தலைகள் எல்லாம் தாழ்ந்துபோய், கார்களுக்கு மேலே வெறும் வானம் தெரிந்தது.

அக்கா காரிலிருந்து இறங்கி நின்றார். அவர் நிற்கத்தான் முடியும்.

நின்றதால் தெரிந்தது. நாலைந்து வரிசைக்கு அப்பால், பெட்டி படுக்கை கட்டின ஒரு டாக்ஸியின் பக்கத்தில், இன்னொரு தலையும் தாழாமல் நின்றுகொண்டிருந்தது. கிளி! டாக்ஸிக்காரர் மண்டியிட்ட நிலையில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கிளி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்: "விடுய்யா கையை! காலையிலேருந்து காலை நீட்டி வெச்சு மரத்துப்போயிருக்கு. எந்தக் கடன்காரன் இந்தச் சீட்டைக் கண்டுபிடிச்சானோ, அவன் கையில கிடைக்கட்டும்!"

பல்லுக்காரர் சட்டென்று காருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். குனிந்தவர் அப்படியே மண்டியிட்டும் விட்டார்.

அக்கா நடந்தார். வலது காலை வீசி வீசி, மண்டியிட்டிருந்த ஜனத்தின் நடுவே நடந்தார். ஊரே வழிவிட்டு வணங்குகிற மாதிரி இருந்தது பார்க்க. கால் வலித்தது, உயிர் போகிற மாதிரி வலித்தது, நிற்கவில்லை. கிளி திரும்பிப் பார்த்தார். வாய் அப்படியே நின்றுபோனது. அதை அக்கா அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"ஏண்டி, நடந்தா வந்தே?"

"கார்லதான் வந்தேன். கடைசியில நடந்தேன். அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புடி. நேர்ல சொல்லணும்னு வந்தேன். என்னை மன்னிச்சுடு."

கிளி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். பாதி மரத்த காலுக்காக, பாதி மற்றதுக்காக. "தப்பு என்னடி தப்பு," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நேத்து போன் பண்ணினான் பிள்ளை. நான் சாப்பிட்டேனான்னு கேக்கல. தாலாட்டு நல்லா வருமான்னு கேட்டான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம், யார் முதலில் போனை எடுத்திருக்க வேண்டும் என்பதில் சின்னதாக ஒரு சண்டையும் ஆரம்பமானது. விமான ஓட்டி மண்டியிட்டிருக்கும்வரை அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

கூரைமேலிருந்து அதிகாரி கூப்பிட்டார். "அம்மா! அங்கே நிக்கிற ரெண்டு பேரும்! சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மண்டி போடுங்கம்மா!"

"எனக்கு மடங்காதுப்பா," என்றார் அக்கா. கீழே விழுந்த நாளிலிருந்து இத்தனை திருப்தியோடு அவர் அதைச் சொன்னதில்லை.

"அவங்களுக்கு?"

"என்னைப் பிடிச்சுக்கிட்டிருக்கா. அவ மண்டி போட்டா நான் விழுந்துடுவேன்."

அதிகாரி விதிகளை மனதுக்குள் புரட்டினார். விழுந்த பெண்மணிக்கு நிவாரணம் தர வேண்டியிருக்கும் என்பது ஞாபகம் வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்போது கார்களுக்கு நடுவிலிருந்து பல்லுக்காரரின் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். அதில் அழுகை போய்ப் பழைய சுறுசுறுப்பு வந்திருந்தது.

"அக்கா! அக்கா! முழங்கால் வலிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அடியில வைக்க ஒரு பட்டை செஞ்சா பிச்சுக்கிட்டுப் போகும். நீ மேலேருந்து பார்த்துச் சொல்லேன், தோராயமா எத்தனை பேர் மண்டி போட்டிருக்காங்க?"

அக்கா கிளியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் பார்த்தார்.

"ஊரே இருக்குடா," என்றார். "உன்னையும் சேர்த்து."